பெரிய பற்சக்கரம் யாருக்குப் பொருந்தும்?



இந்த வாரத் தலைப்பைக் கண்டு, ஐயா இடம் மாறி எழுதிவிட்டாரோ என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இடம் மாறவில்லை. நம் சபை வாலிபரில் ஏழெட்டுப் பேர் அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, அழகர்கோவில் சாலையிலும் மேலூர் நான்குவழிச் சாலையிலும் சைக்கிள் ஓட்டிவருவதை நீங்கள் அறிவீர்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர்களோடு நானும் செல்கிறேன். பெரும்பாலும் கடைசி ஆளாக. அவர்களுக்குள் இப்போது ஒரே பேச்சு, முன் பற்சக்கரத்தைப் பெரிதாக்குவது பற்றியது. 50 பல் இருக்கும் இடத்தில் 54 போடலாமா, 56 போடலாமா, ஒரேயடியாக 58 போட்டுவிடலாமா என்பதே கேள்வி.

இதில் ஒரு தம்பி, நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். 2019-ல் கோவாவில் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டியின் அளவும் இதுவே. அந்தத் தம்பி 58 பல் சக்கரம் ஒன்றின் மேல் கண் வைத்திருக்கிறார். அதன் விலை, அவர் வீட்டின் இரண்டு மாத வாடகை. அவருடைய தாயார் ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, "ஒரு பல்லுச் சக்கரத்துக்கு இம்புட்டுப் பணமாய்யா? நீங்களாவது அவன்கிட்டச் சொல்லுங்க" என்றார். வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் காரணம் சொல்லாத தடையை எந்த வாலிபனும் மதிப்பதில்லை; மதிக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அவருக்குச் சொன்ன கணக்கையே உங்கள் எல்லாருக்கும் இங்கே எழுதுகிறேன். கோபுரம் கட்டுவதற்கு முன் அமர்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றிய உவமையை நீங்கள் அறிவீர்கள். இதுவும் அப்படிப்பட்ட ஒரு கணக்குத்தான்.

முதலில் நாம் எல்லாரும் அறிந்த சைக்கிளிலிருந்து தொடங்குவோம். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸ் சைக்கிளில் ஏறாத குடும்பம் நம் தலைமுறையில் அரிது. என் தகப்பனார் பயன்படுத்திய கறுப்புச் சைக்கிளின் பற்களைச் சிறுவயதில் விரல் வைத்து எண்ணியிருக்கிறேன்: முன்னே 44, பின்னே 18. கியர் என்ற பேச்சே இல்லை. 44-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.44. அதாவது பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். அந்த 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். ஆகவே ஒரு மிதிக்கு வண்டி ஐந்தரை மீட்டர் தூரம் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். கிராமத்துச் சபைகளுக்கு உபதேசியார்கள் சென்றுவந்த வேகம் அதுதான். எதிர்காற்றில் இறங்கித் தள்ளவும் வேண்டாம், காற்று பின்னாலிருந்து தள்ளும்போது கால் வெறுமனே சுழலவும் வேண்டாம் என்று அனுபவத்தில் அறிந்து வைத்த இடைநிலை அளவு அது. அதை அமைத்தவருக்கு நான் மரியாதை செலுத்துகிறேன்.

இன்றைய ரோடு சைக்கிளில் முன்னே இரண்டு பற்சக்கரங்களும், பின்னே கேசட் எனப்படும் பதினொன்று அல்லது பன்னிரண்டு பற்சக்கரங்களின் அடுக்கும் உள்ளன. கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது முன்னே 50-க்கு 34 என்ற இணை. அதற்கு மேலே 52-க்கு 36, அதற்கும் மேலே 53-க்கு 39 என்ற பழைய இணை. ஷிமானோ நிறுவனம் 2021-ல் தன் உயர்தர டூரா ஏஸ் வரிசையை 12 வேகமாக மாற்றியபோது 53-ஐ விட்டுவிட்டு 54-க்கு 40 என்ற இணையைக் கொண்டுவந்தது. பந்தய வீரர்களின் சைக்கிளில் இவ்வாறு பல் கூடிக்கொண்டே வருவதைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்திருக்கிறது.

இப்போது கணக்கு. ரோடு சைக்கிளின் சக்கரச் சுற்றளவை 2.1 மீட்டர் என்று கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கிறவர் முன்னே 50, பின்னே 11 என்ற பற்களில் சென்றால் மணிக்கு 51 கிலோமீட்டரைத் தாண்டுகிறார். முன்னே 54 என்றால் ஏறக்குறைய 56. முன்னே 58 என்றால் ஏறக்குறைய 60. இந்த எண்களைப் பார்த்ததும் மனம் துள்ளும். ஆனால் பல் கூடினால் வேகம் கூடாது. அந்த வேகத்தில் செல்லக் கால் கொடுக்க வேண்டிய பலம்தான் கேட்கப்படும். சமதரையில் தனியாக மணிக்கு 51 கிலோமீட்டர் செல்லும் பலம் நம் குழுவில் எவருக்கும் இல்லை. உலகில் மிகச் சிலருக்கே உண்டு.

அந்தத் தம்பி மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் நெடுநேரம் செல்லக்கூடியவர். உண்மையிலேயே நல்ல வேகம். அவருடைய கேசட்டில் 11 முதல் 34 வரை பன்னிரண்டு சக்கரங்கள். முன்னே 50 பல்லோடு, பின்னே 17-ல் வைத்தால் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 94 சுற்று மிதிக்க வேண்டும். 15-ல் வைத்தால் 83. முன்னே 58 போட்டால் பின்னே 19-ல் 91 சுற்று. எல்லாமே இயல்பான மிதிவேகங்கள்தாம். பின்னே 17 என்பது பன்னிரண்டில் ஆறாவது சக்கரம். அடுக்கின் நடுவிலேயே இருக்கிறது. அவரிடம் உள்ள 50 பற்களே அவரைக் கேசட்டின் நடுவில் வைத்திருக்கும்போது, 58 எதைத் தீர்க்கப் போகிறது?

"காற்று பின்னாலிருந்து தள்ளும்போது 50 போதாது ஐயா" என்றார் அவர். அதையும் கணக்கிட்டோம். ஆனி, ஆடி மாதங்களில் தேனிப் பக்கத்திலிருந்து வீசும் மேல்காற்றை நீங்கள் அறிவீர்கள்; அம்மியையும் நகர்த்தும் காற்று. செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி நோக்கிச் செல்லும்போது மணிக்கு 22 கிலோமீட்டருக்கே மூச்சு வாங்கும். திரும்பும்போது அதே காற்று நம்மை 45-க்குக் கொண்டுபோகும். அந்த 45-க்கு முன்னே 50, பின்னே 13 என்ற பற்களில் நிமிடத்துக்கு 93 சுற்று மிதித்தால் போதும். கேசட்டில் அதற்குக் கீழே 12-ம் 11-ம் இன்னும் தொடப்படாமல் இருக்கின்றன.

அப்படியானால் பெரிய பற்சக்கரத்தில் நன்மையே இல்லையா? இருக்கிறது. அது வேகத்தைப் பற்றியதன்று, உராய்வைப் பற்றியது. செயினின் ஒவ்வொரு கண்ணியும் பற்சக்கரத்தில் ஏறும்போது மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. 11 பல் சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் 32.7 பாகை மடங்க வேண்டும், 17-ல் 21.2 பாகை, 19-ல் 18.9 பாகை. மடிப்புக் குறைந்தால் உராய்வும் குறையும். முன்சக்கரம் பெரிதானால் செயினில் ஏறும் இழுவிசையும் குறைகிறது. 50-லிருந்து 58-க்குப் போனால் ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். ஆனால் அதே அளவுக்குச் செயின் விரைவாக ஓடவும் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பொறியியல் பேராசிரியரின் குழு செயின்களை ஆய்வுக்கூடத்தில் ஓட்டி அளந்து, 2001-ல் கட்டுரையாக வெளியிட்டது. அவர்கள் கண்ட மிக உயர்ந்த திறன் 98.6 சதவீதம், மிகக் குறைந்தது 81. பெரிய பற்சக்கரங்களில் இழப்புக் குறைவு என்று அவர்கள் கண்டார்கள். செயினின் இழுவிசை கூடும்போது திறனும் கூடுகிறது என்றும் கண்டார்கள். முன்சக்கரத்தைப் பெரிதாக்கினால் இழுவிசை குறைகிறதல்லவா? எனவே ஒரு கையில் வரும் ஆதாயத்தின் ஒரு பகுதி மறு கையில் போய்விடுகிறது.

மீதி எவ்வளவு? தாராளமாக ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 200 வாட் சக்தியில் மிதிக்கிறவருக்கு 2 வாட் மிச்சம். காற்றின் தடை வேகத்தோடு கடுமையாக உயர்வதால், சக்தி ஒரு சதவீதம் கூடினால் சமதரையில் வேகம் மூன்றில் ஒரு சதவீதம்தான் கூடும். மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் 90 கிலோமீட்டரைக் கடக்க 2 மணி 48 நிமிடம் 45 விநாடி ஆகும். அதில் மிச்சமாவது ஏறக்குறைய அரை நிமிடம். இரண்டு மாத வாடகைக்கு அரை நிமிடம். தாகத்துக்கு வண்டியை நிறுத்தி ஒரு பாட்டிலைத் திறந்து மூடினாலே அரை நிமிடம் போய்விடும் என்று நான் சொன்னபோது அந்தத் தம்பி சிரித்தார். ஆனால் சமாதானமாகவில்லை. முதல் பரிசுக்குப் போட்டியிடுகிறவருக்கு அரை நிமிடம் பெரிதல்லவா என்று கேட்டார். பெரிதுதான். மணிக்கு 40-க்கு மேல் நிலையாகச் செல்லக்கூடியவர்களுக்கு, சமதரைப் போட்டிகளுக்கு, பெரிய பற்சக்கரம் நியாயமான கருவி. அதை நான் மறுக்கவில்லை.

அப்படிப்பட்டவர்களின் எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லாமல் இதைக் கடக்க மனமில்லை. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அவருடைய சைக்கிளில் முன்னே 52, பின்னே 14. 2015 ஜூன் 7 அன்று லண்டனில் பிராட்லி விக்கின்ஸ் அதே ஒரு மணி நேரத்தில் 54.526 கிலோமீட்டர் ஓட்டினார். முன்னே 58, பின்னே 14. இந்த எண்களை வைத்து இருவரும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதித்திருப்பார்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். இருவருக்கும் ஏறத்தாழ 105. நாற்பத்துமூன்று ஆண்டுகள் கடந்தும் மனிதக் கால் சுழலும் வேகம் மாறவில்லை! அந்த ஐந்து கிலோமீட்டரைக் கொண்டுவந்தவை காற்றைக் கிழிக்கும் உட்காரும் நிலை, உடை, சட்டம், சக்கரம், பயிற்சி ஆகியவை. அவற்றால் வேகம் கூடியது. கூடிய வேகத்துக்கு ஏற்பப் பற்சக்கரமும் பெரிதானது. நம் பிள்ளைகள் இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

இனி, பெரிதாக்குவதென்று தீர்மானித்தவர்களுக்கு. விலைக்கு வாங்கிய சக்கரம் வண்டியில் ஏறாமல் மேசை இழுப்பறையில் கிடப்பதை இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன். பல் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்குவதால் வரும் நட்டம் இது.

பற்சக்கரத்தை கிராங்கோடு இணைக்கும் போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தாலன்றிச் சக்கரம் பொருந்தாது. ஐந்து கை உள்ள பழைய ரோடு கிராங்குகளில் இது 130 மில்லிமீட்டர் அல்லது 110 மில்லிமீட்டர். 130-ல் 38 பல்லுக்குக் குறைந்த உட்சக்கரம் ஏறாது. அதனால்தான் 34 போடுவதற்காக 110 வந்தது. வீட்டிலேயே கண்டறிய ஒரு வழி உண்டு. ஐந்து கை கிராங்கில் அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஏறத்தாழ 76 மில்லிமீட்டர் என்றால் வட்டம் 130. ஏறத்தாழ 65 என்றால் 110. நான்கு கை கிராங்குகளுக்கு இந்த அளவு உதவாது. ஷிமானோவின் நான்கு கைகள் சம இடைவெளியில் இல்லை. காம்பனியோலோவின் நான்கு கைகள் வேறு அமைப்பு. கிராங்கின் உட்புறத்தில் பொறித்திருக்கும் மாதிரி எண்ணைப் படித்து அதைக் கடைக்காரரிடம் சொல்வதே பாதுகாப்பு. ஷிமானோவின் அந்த நான்கு கை அமைப்பில் ஒரு நன்மை: 50-34 இணையும் 52-36 இணையும் 53-39 இணையும் ஒரே கிராங்கில் ஏறும். கிராங்கை மாற்றாமல் சக்கரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது செயின். பல்லுக்குப் பல் உள்ள தூரம் எல்லாச் சைக்கிள்களுக்கும் அரை அங்குலம்தான். தகப்பனாரின் கறுப்புச் சைக்கிளுக்கும் அதே. ஆனால் அகலம் மாறிவிட்டது. பின்னே சக்கரங்கள் கூடக்கூடச் செயின் மெலிந்துகொண்டே வந்தது. ஆகையால் 11 வேகத்துக்கு என்று குறித்த சக்கரத்தை 12 வேக வண்டிக்கு வாங்க வேண்டாம். ஸ்ராம் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த 12 வேக ஏ.எக்ஸ்.எஸ். அமைப்பில் செயினின் உருளைகளே பருமனில் வேறு. அதற்கென்று செய்யப்பட்ட பற்சக்கரம் மட்டுமே அதற்குப் பொருந்தும். அந்த அமைப்பில் கேசட் 10 பல்லில் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். முன்னே 50, பின்னே 10 என்றால் விகிதம் 5. ஷிமானோவின் 54-க்கு 11 என்றால் 4.91. "என்னுடையது 54, உன்னுடையது வெறும் 50" என்று போன மாதம் தெப்பக்குளத்தருகே நடந்த வாக்குவாதத்தை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். 50 வைத்திருந்தவருடையதே பெரிய கியர்.

மூன்றாவதாக உயரம். இதை எவரும் முன்கூட்டி நினைப்பதில்லை. ஒவ்வொரு பல் கூடும்போதும் சக்கரத்தின் ஆரம் 2 மில்லிமீட்டர் கூடுகிறது. 50-லிருந்து 58-க்குப் போனால் 16 மில்லிமீட்டர். டீரெய்லர் என்று கடைக்காரர்கள் சொல்லும் முன் கியர் மாற்றியை அவ்வளவு மேலே ஏற்ற வேண்டும். அதன் வெளித்தகட்டுக்கும் பல் நுனிக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் செயின் ஒழுங்காக ஏறும். வளையம் போட்டுக் குழாயில் பிடித்திருக்கும் கியர் மாற்றியை நகர்த்தலாம். சட்டத்தோடு பொருத்தப்பட்ட கொக்கியில் அமர்ந்திருப்பதை அந்தக் கொக்கியின் துளை அனுமதிக்கும் அளவுக்கே நகர்த்த முடியும். பல சட்டங்களில் 16 மில்லிமீட்டருக்கு இடமில்லை. அதே 16 மில்லிமீட்டர் பக்கவாட்டிலும் தொல்லை தரும். பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் சட்டத் தண்டு அந்த இடத்தில் வெளிப்புறமாக விரிகிறது. சக்கரம் பெரிதானால் பற்கள் அதைத் தொடும். கார்பன் சட்டத்தைப் பல் அரைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. மிகப்பெரிய பற்சக்கரம் எது என்று சட்டத்தைத் தயாரித்தவரே குறித்திருப்பார். பணம் கொடுப்பதற்கு முன் அதைத் தேடிப் படியுங்கள்.

முன்னிரு சக்கரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்கும் எல்லை உண்டு. ரோடு கியர் மாற்றிகள் பெரும்பாலும் 16 பல் வித்தியாசம் வரை செயினை ஏற்றும். 50-34 இணையில் வித்தியாசம் 16. வெளிச்சக்கரத்தை மட்டும் 54 ஆக்கி, 34-ஐ அப்படியே விட்டால் 20. செயின் ஏறாமல் தடுமாறும், இறங்கும்போது சட்டத்தின் மேல் விழும். மேலும் வெளிச்சக்கரத்தின் உட்புறத்தில் செயினைத் தூக்கிவிடும் சிறு ஆணிகளும் சரிவுகளும் உண்டு; அவை தன் இணையான உட்சக்கரத்தின் பற்களுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. ஆகவே இணையாக வாங்குவதே முறை. செயினின் நீளமும் மாறும். 8 பல் கூடினால் 4 கண்ணி, அதாவது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டுவிட்டு, முன்னே பெரியது, பின்னே பெரியது என்று ஒருநாள் தவறி மாற்றினால் பின் கியர் மாற்றி முறிந்து சக்கரக் கம்பிக்குள் போகும். தேய்ந்த செயினைப் புதுச் சக்கரத்தின் மேல் ஓட்டவும் வேண்டாம். மேலூர்ப் பக்கத்துக் கல்தூசியில் ஓடும் செயின்கள் நாம் நினைப்பதற்கு முன்பே தேய்ந்துவிடுகின்றன.

இவை எல்லாம் பணத்தைப் பற்றியவை. முழங்காலைப் பற்றியும் நான் பேச வேண்டும். நம் பிள்ளைகள் கேட்க விரும்பாத பகுதி இது. மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் பரந்த சமவெளி. நத்தம் சாலை மேம்பாலத்தையே நாம் ஏற்றம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் மாதம் ஒருமுறை நம் குழு சிறுமலைக்குப் போகிறது. அங்கே 18 கொண்டை ஊசி வளைவுகள். 50-34 வைத்திருப்பவர் அங்கே முன்னே 34, பின்னே 34 என்று ஒன்றுக்கு ஒன்றாக ஏறலாம். மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்திலும் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க முடியும். 54-40 வைத்திருப்பவர் அதே 60 சுற்றுக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வேகம் கொடுக்க வேண்டும். உட்சக்கரத்தை எடுத்துவிட்டு 58 ஒன்றை மட்டும் போட்டவர் ஏறக்குறைய 13 கொடுக்க வேண்டும். அவ்வளவு வேகம் கொடுக்க முடியாதபோது மிதிவேகம் 40-க்கும் கீழே இறங்கும். ஒவ்வொரு மிதியிலும் உடலின் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். என் முழங்கால் ஐம்பது வயதைக் கடந்தது, பிள்ளைகளுடையது கடக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பி சைக்கிளிலிருந்து இறங்கியபின் 21 கிலோமீட்டர் ஓட வேண்டியவர். கனமான கியரில் 90 கிலோமீட்டர் அழுத்திவிட்டு வருகிற கால், அரை நிமிட மிச்சத்தை ஓட்டத்தின் முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். டிரையத்லானில் மட்டும் உள்ள கணக்கு இது. தனிச் சைக்கிள் பந்தயக்காரருக்கு இது இல்லை. ஆகவே அவர்களைப் பார்த்து இவர்கள் வாங்கக்கூடாது.

இரண்டு மாலை இவற்றை எல்லாம் வைத்துப் பேசினோம். பின்பு அவருடைய சட்டத்தின் விவரக் குறிப்பைத் தேடி எடுத்தோம். 54 வரை என்று இருந்தது. 58 என்ற பேச்சு அன்றே முடிந்தது. என் அறிவுரையால் அல்ல, அந்த ஒரு வரியால். அவருடைய கிராங்க் ஷிமானோவின் நான்கு கை 110. 52-36 இணையை நம் குழுவிலேயே ஒருவர் கழற்றி வைத்திருந்தார், தேய்மானம் அதிகமில்லை. அதைப் பொருத்தி, முன் கியர் மாற்றியை 4 மில்லிமீட்டர் மேலேற்றி, நீளம் சரியாக அளந்து புதுச் செயின் போட்டோம். செயினுக்கு மட்டுமே செலவு. மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதியை நல்ல டயர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். உருளும் தடையைக் குறைப்பதில் டயர் பற்சக்கரத்தைவிட மிகுதியாக உதவும் என்பது என் உறுதியான கருத்து. மீதியைத் தாயாரிடமே கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். 52 அவருக்கு உண்மையிலேயே தேவையா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பின்னே 17-ல் 35 கிலோமீட்டருக்கு நிமிடத்துக்கு 91 சுற்று வருகிறது. 94 சற்று அதிகம் என்று அவர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று சுற்று வித்தியாசத்தைக் கால் உணருமா என்று எனக்கு ஐயம் உண்டு. அவர் உணர்கிறேன் என்கிறார், கால் அவருடையது.

பற்சக்கரம் வாங்க எண்ணியிருக்கும் மற்றவர்கள் வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆலய வளாகத்துக்கு வண்டியோடு வாருங்கள். வண்டியின் சட்டம் எந்த ஆண்டு, எந்த மாதிரி என்பதை எழுதி எடுத்து வாருங்கள். கிராங்கின் உட்புறத்தைத் துணியால் துடைத்து அந்த எண்ணைப் படித்துவிட்டு வந்தால் நேரம் மிச்சமாகும். ஸ்கேலும் செயின் தேய்மானம் பார்க்கும் கருவியும் என்னிடம் இருக்கின்றன. கேசட் கழற்றும் சாவி என்னுடையதை யாரோ வாங்கிச் சென்று மூன்று வாரம் ஆகிறது. அதையும் கொண்டுவரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.